மன்றாட்டில் வாசித்த பெயர்

அகஸ்ரினாவுக்கு வாய் கூட என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டுமே. பதினொரு வயதில் விடத்தல்தீவிலிருந்து வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், அகதி முகாமில் பத்தொன்பது வருசம் தண்ணீருக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு வாய் கூடாமல் வேறென்ன கூடும்? கலியாணமும் அங்கேதான் நடந்தது. கணவன் சிங்கராசாவோடும் இரண்டு வயது மகளோடும் திரும்பி வந்து, மன்னார்த் தீவில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே கிடக்கிற ஓர் ஊரில் குடியேறினாள். காணிக் கடதாசிக்கு ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் பதினாலு தரம் ஏறி இறங்கினாள். பதினைந்தாம் தரம், "இண்டைக்குத் தராட்டில் நான் இந்தக் கதிரையிலேயே படுக்கிறன்" என்று உட்கார்ந்துவிட்டாள். பின்னேரம் நாலு மணிக்குக் கடதாசி கைக்கு வந்தது. அவள் வேலை செய்கிற நண்டு வாடியில், வலையிலிருந்து நண்டு கழட்டுகிற பெண்களுக்கு முதலாளியைக் கையுறை வாங்கிக் கொடுக்க வைத்ததும் அவள்தான். கோபப்பட்டால் காரியம் நடக்கும் என்பது அவள் அனுபவத்தில் கண்டது. யாரைக் கோபிப்பது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

மகள் சுவேதினியின் விசயத்தில் அதுதான் தெரியவில்லை.

சுவேதினிக்குப் பதினேழு வயது. தாயைப் போலவே வாயாடி. பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அன்றைய புதினம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். அந்தப் பிள்ளை மாசி மாதத்தில் மெல்ல மெல்லக் கதையைக் குறைத்தாள். பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு ரியூசனுக்குப் போகவில்லை, சீப்பெடுத்துத் தலை இழுக்கவில்லை, பகல் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சோம்பல் என்று தாயும் முதலில் ஏசிப் பார்த்தாள். பொய் சொல்வானேன், நன்றாகவே ஏசினாள். ஒரு நாள் குளிக்க வார்க்கும்போது கையில் கீறல்களைக் கண்டாள். "என்னடி இது?" என்று கேட்டதற்கு, பிள்ளை எந்த உணர்ச்சியும் இல்லாமல், "அம்மா, விடியாமலே இருந்தா நல்லம் போல கிடக்கு" என்று சொன்னாள்.

அகஸ்ரினாவின் கையிலிருந்த வாளி அப்படியே விழுந்தது. பிள்ளை செத்துப்போகப் பார்க்கிறாள். அன்றிலிருந்து அவள் தலைக்குள் ஓடியது அந்த ஒன்றுதான். யாரிடம் கொண்டுபோவது? அட கறுமமே, காய்ச்சலுக்கு இடம் தெரியும், பாம்பு கடித்தால் இடம் தெரியும், இதற்கு எங்கே போவது?

முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே மாணவருக்கு ஆலோசனை சொல்வதற்கென்று ஒரு ரீச்சர் இருந்தா. அந்த மனிசிக்கு ஆலோசனையும் பொறுப்பு, கணக்குப் பாடமும் பொறுப்பு, விளையாட்டுப் போட்டிக்கு மாணவர் அணிகளின் இல்லம் சோடிக்கிற வேலையும் பொறுப்பு. கையில் கலர்ப் பேப்பரும் பசையுமாக நின்றபடி கேட்டுவிட்டு, "சோதினைப் பயம்தான் அம்மா. போனைப் பறிச்சு வையுங்கோ, எல்லாம் சரிவரும்" என்று சொன்னா. அகஸ்ரினா வீட்டுக்கு வந்து போனைப் பறித்து அலுமாரிக்குள் பூட்டினாள். பிள்ளை அதுவரைக்கும் இரண்டு சிநேகிதிகளோடாவது எழுதிக் கதைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் நின்றுபோனது. சிங்கராசாதான் நாலாம் நாள் அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். பிள்ளை வாங்கி வைத்தாளே தவிரத் தொடவில்லை.

அடுத்தது ஒரு தனியார் டொக்டர். நாக்கை நீட்டச் சொன்னார், கண்மடலை இழுத்துப் பார்த்தார், இரத்தம் குறைவு என்று சத்து மருந்து ஒரு போத்தல் எழுதிக் கொடுத்தார். கையைப் பார்க்கச் சொல்லி அகஸ்ரினா இரண்டு தரம் சொன்னாள். "பூனை பிறாண்டினதாயிருக்கும்" என்றார். வீட்டில் பூனையே இல்லை!

மூன்றாவது ஒரு செபக்கூட்டம். நண்டு வாடியில் கூட வேலை செய்யும் இராசம்மா விடாமல் கூப்பிட்டதால் போனாள். சாகக் கிடக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் போவாள். அங்கே ஒருவன் சுவேதினியின் தலையில் கையை வைத்து அழுத்தி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வெளியே போ! வெளியே போ!" என்று கத்தினான். பிள்ளை நடுங்கியது. நடுங்க நடுங்க, பேய் அசைகிறது என்று சனம் கைதட்டியது. அகஸ்ரினா எழும்பிப் போய் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"பேய் உனக்கடா பிடிச்சிருக்கு! அவள் ஒரு மாதமாச் சரியாச் சாப்பிடேல்ல. அதுதான் நடுங்குறாள்" என்று சொல்லிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இராசம்மா அன்றிலிருந்து முகம் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் போகட்டும்.

இப்படியே நாலு மாதம் போனது. அதற்குப் பிறகுதான் அகஸ்ரினா ஒரு பெரிய பிழையை விட்டாள்.

அவர்களுடைய ஊரில் ஒருவருக்குச் சுகமில்லையென்றால் பேரைத் துண்டில் எழுதி வேதக் கோயிலில் கொடுப்பார்கள். ஞாயிறு பூசையில் மன்றாட்டு நேரத்தில் அதை வாசிப்பார்கள். "இன்னாருடைய மகன் இன்னார், கால் முறிவிலிருந்து குணமடைய மன்றாடுவோம்." கோயில் ஒலிபெருக்கி கடற்கரை வரைக்கும் கேட்கும். பூசை முடிந்ததும் சனம் நேரே அந்த வீட்டுக்குத்தான் வரும். தோடம்பழம், பாண், முட்டை, பால்மாப் பெட்டி என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து, நோயாளியின் கட்டிலைச் சுற்றி இருந்து கதைத்துவிட்டுப் போவார்கள். அகஸ்ரினாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது வந்த தோடம்பழத்தை அயலெல்லாம் பகிர்ந்தும் மிஞ்சியது. கூட்டி அள்ளிச் சமைத்துக் கொடுத்ததும் அதே பெண்கள்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்த விசயத்தில் நல்ல ஊர்.

அதனால்தான் எழுதினாள். சனம் வந்தால் யாராவது ஒரு வழி சொல்வார்கள், பிள்ளையும் நாலு முகத்தைப் பார்ப்பாள் என்று நம்பினாள். துண்டில் என்ன வருத்தம் என்று எழுதுவது? காய்ச்சல் என்று எழுதப் பேனையை வைத்தாள். கடவுளுக்குக் கொடுக்கிற துண்டில் பொய் எழுதக் கை வரவில்லை. "சுவேதினி சிங்கராசா, மனநோயிலிருந்து குணமடைய" என்று எழுதி, கோயில் காரியம் பார்க்கிற மூப்பர் வின்சன்டிடம் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டு அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஞாயிறு பூசையில், எழுதியதில் ஓர் எழுத்துக்கூட விடாமல் வாசித்தார்.

அகஸ்ரினா வீட்டுக்கு ஓடிவந்து, பக்கத்து வீட்டில் ஆறு கதிரை வாங்கிப் போட்டு, தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தாள். ஒன்பது மணிக்கு ஒருவரும் வரவில்லை. பத்து மணிக்கும் வரவில்லை. ஒழுங்கையால் போன சனம் வேலியோரம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது. பதினொன்றரைக்கு அகஸ்ரினா கேத்திலை இறக்கினாள். ஆறு கதிரையும் அப்படியே கிடந்தன.

அறைக்குள்ளிருந்து சுவேதினி கேட்டாள். "அம்மா, ஏன் சொன்னனீங்கள்?"

"செபிக்கத்தான் மகள்..."

"எனக்கு விசர் எண்டு மைக்கில சொல்லியிருக்கிறியள்."

அன்று முழுக்கப் பிள்ளை தாயோடும் கதைக்கவில்லை.

திங்கட்கிழமை நண்டு வாடியில் அகஸ்ரினா போய்க் குந்தியதும் இரண்டு பேர் தள்ளிக் குந்தினார்கள். வலையும் நண்டும் நடுவே கிடந்தன. இராசம்மா வலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அகஸ்ரினா, குறை நினையாத. என்ர பெட்டை உன்ர மகளோட ஒரே ரியூசன். இனி அவள கொஞ்ச நாளைக்கு வெளியில விடாத, என்ன? நாளைக்குக் கலியாணம் காட்சி எண்டு வரேக்க எங்கட பிள்ளையளையும் பாதிக்கும்."

"என்ன பாதிக்கும்? தொத்துமோ? என்ர பிள்ளைக்குச் சிரங்கோ?" அகஸ்ரினா எழும்பி நின்றாள். "என்ர வயித்தை வெட்டேக்க தோடம்பழம் கொண்டு வந்தனீங்கள்தானே? இப்ப எங்கயடி உங்கட தோடம்பழம்? முறிஞ்சது கால் எண்டால் வருவியள், மனம் எண்டால் வேலியால தலையத் தாழ்த்திக்கொண்டு போவியளோ?"

அகஸ்ரினா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவுக்கு வந்தாள். தெருவில் ஐஸ் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு நின்றார் ஜெஸீம். எருக்கலம்பிட்டிப் பக்கத்து ஆள், நண்டு ஏற்ற வருகிறவர். அவளோடு நிறை விசயமாகச் சண்டை பிடித்ததைத் தவிர வேறு பழக்கம் இல்லை.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. நேத்து இந்தப் பக்கம் வரக்குள்ள உங்கட கோயில் ஸ்பீக்கர்ல கேட்டிச்சு. உங்கட மகள்தானே?"

"ஓம். என்ன, நீங்களும் தள்ளி நிக்கப் போறியளோ?"

"சே, அப்படிச் சொல்லாதீங்க. என்ட தம்பிக்கும் இதே கஷ்டம்தான். ஒரு வருசமா டொக்டருக்குக் காட்டுறம். இப்ப கடையில நிக்கிறான், கல்லாவில." பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "டவுன் ஆஸ்பத்திரி. வியாழக்கிழமை. முன்வாசல்ல போய் நிக்காதீங்க, அங்க உங்களை அலைய விடுவாங்க. பின்பக்கக் கட்டிடம், பச்சைக் கதவு. இளம் பிள்ளைகளைத் தனியாப் பார்க்கிறாங்க. காசு ஒண்டும் இல்ல. ஏழரைக்கே போய் நம்பர் எடுங்க. அல்லாஹ் லேசாக்குவான்."

அவ்வளவுதான். நாலு மாதம் அவள் நாயாய் அலைந்து தேடியது, ஐஸ் பெட்டி ஏற்றுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அகஸ்ரினாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சுவேதினி வரமாட்டேன் என்றாள். சுவரைப் பார்த்தபடியே, "அங்கயும் ஆரும் காணுவினம். வந்து சொல்லுவினம்" என்றாள். சிங்கராசா வாசலில் நின்றுகொண்டு, "கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே, கதை அடங்கட்டும்" என்றான். "கதை அடங்கிறதுக்குள்ள பிள்ளை அடங்கிப்போனால் என்ன செய்வாய்?" என்று அவள் கேட்ட கேள்வியில் மனிதன் கடற்கரைக்குப் போய்விட்டான்.

புதன்கிழமை பின்னேரம் அகஸ்ரினா மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். ஆயுசில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"நான் பிழை விட்டிட்டன் மகள். உன்னைக் கேட்டிட்டு எழுதியிருக்க வேணும். இனி உன்ர கதையை உன்னைக் கேக்காமல் ஒருத்தருக்கும் சொல்லன். நாளைக்கு ஒருக்கா வா. பிடிக்காட்டில் வாசலால திரும்பி வருவம், நான் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்."

"வாசலால திரும்பலாமோ?" என்று மட்டும் பிள்ளை கேட்டாள்.

"ஓம்."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போனார்கள். முன்வாசலுக்குப் போகவில்லை. மருந்துக் கழிவு எரிக்கிற இடத்தைத் தாண்டி, பின்பக்கக் கட்டிடத்துக்குப் போனார்கள். பச்சைக் கதவு, அதற்கு முன்னால் ஆட்கள் இருக்க ஒரு நீட்டு வாங்கு, அதில் பதினைந்து பேர்வரை. தலையில் தொப்பியை இழுத்துவிட்ட இளசுகள், பக்கத்தில் செருப்பைப் பார்த்தபடி தாய்மார். அகஸ்ரினா நம்பர் துண்டை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

வாங்கின் கரையில் மூப்பர் வின்சன்டின் மனைவி மார்த்தா இருந்தா. பக்கத்தில் மகள் றொஷேல்.

றொஷேல் கொழும்பில் தையல் படிக்கிறாள் என்றல்லவா ஊர் முழுக்கக் கதை! இரண்டு வருசமாக அதுதான் கதை. திருநாளுக்குக்கூட வரவில்லை, படிப்பில் அவ்வளவு கெட்டி என்று மார்த்தா கோயில் வாசலில் நின்று சொன்னதை அகஸ்ரினாவே கேட்டிருக்கிறாள். மார்த்தா அவர்களைக் கண்டதும் முக்காட்டை முகத்துக்கு இழுத்தா. சுவேதினியும் கண்டுவிட்டாள். தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, வீட்ட போவம்."

சொன்ன சொல்லை மீறக்கூடாது. வாசலால் திரும்பலாம் என்று ஓமென்றவள் அவள்தான். திரும்பினால் இந்தப் பிள்ளை இன்னொரு தரம் இந்தப் பக்கம் வராது என்பதும் தெரியும். காலை எடுக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

றொஷேல்தான் அசைந்தாள். தாயைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, வாங்கில் இடம் விட்டாள்.

"சுவே, இதில இரும். நான் டவுனில பெரியம்மா வீட்டில நிண்டு ரெண்டு வரியமா வாறன். உள்ள இருக்கிற மிஸ் நல்லவ. கதைக்க ஏலாட்டில் சும்மா இருக்கலாம், ஏசமாட்டா." பிறகு, "முதல் நாள் நானும் மூண்டு தரம் கேற்றுக்கு ஓடினனான்" என்றாள்.

சுவேதினி தாயின் கையை விட்டாள். போய் இருந்தாள். இரண்டு பேரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு இருந்தார்கள், அவ்வளவுதான்.

நம்பர் கூப்பிட்டார்கள். அகஸ்ரினா எழும்ப, "நான் தனியப் போறன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை உள்ளே போனாள். றொஷேல் மருந்து எடுக்க மற்றப் பக்கம் போனாள். வாங்கில் மார்த்தாவும் அகஸ்ரினாவும் மிஞ்சினார்கள்.

"அகஸ்ரினா..." மார்த்தா மெல்ல நெருங்கி வந்தா. "ஊரில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதயும். கும்பிட்டுக் கேக்கிறன். அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம்."

அப்போதுதான் அகஸ்ரினாவுக்கு யாரைக் கோபிப்பது என்று தெரிந்தது.

"ரெண்டு வரியம், மார்த்தாக்கா." கத்தவில்லை. உள்ளே பிள்ளை இருக்கிறாள். "ரெண்டு வரியமா உங்களுக்கு இந்தக் கதவு தெரியும். நான் உங்கட வீட்டு வாசலால எத்தினை தரம் போயிருப்பன், இந்த நாலு மாதத்தில? 'வியாழக்கிழமை, பின்பக்கக் கட்டிடம்.' மூண்டு சொல்லு! அந்த மூண்டு சொல்ல எனக்குச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லை. மைக்கில என்ர பிள்ளைய வாசிக்க உங்கட மனிசனுக்கு வாய் இருந்தது."

"அவர் வேணுமெண்டு வாசிக்கேல்ல..."

"சுகவீனம் எண்டு மாத்தி வாசிச்சிருக்கலாமே! ஒரு சொல்லு! அவருக்குத் தெரியாதோ அதை வாசிச்சால் என்ன நடக்குமெண்டு? தெரிஞ்சபடியால்தானே றொஷேலின்ர துண்டை ஒருநாளும் வாசிக்கேல்ல?"

மார்த்தாவின் கண்ணால் தண்ணீர் ஓடியது. "மாத்தி வாசிச்சால், ஏன் மாத்தினவர், அவரின்ர வீட்டிலயும் இப்படி ஏதும் கிடக்கோ எண்டு சனம் யோசிக்கும் எண்டு பயந்திட்டார். நானும் பயந்தனான்."

"நானும்தான் பயந்தனான். பயந்து பயந்து ஒவ்வொரு கதவாத் தட்டினனான்."

மார்த்தா முக்காட்டால் முகத்தைத் துடைத்தா. "சொல்லமாட்டீர்தானே?"

அகஸ்ரினா நிமிர்ந்து பார்த்தாள். ஊருக்குப் போய் நண்டு வாடியில் ஒரு வாய் திறந்தால் போதும். மாலைக்குள் மூப்பர் வீட்டு வேலியாலும் சனம் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடக்கும். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே முறியும். அந்த ஆறு கதிரையையும் மார்த்தா வீட்டு முற்றத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும் போல அவளுக்கு இருந்தது. மருந்துப் பக்கத்திலிருந்து றொஷேல் ஒரு கடதாசிப் பையோடு வந்துகொண்டிருந்தாள்.

"சொல்லன்" என்றாள் அகஸ்ரினா. "உங்களுக்காக இல்லை, மூப்பருக்காகவும் இல்லை. அவள் என்ர பிள்ளைக்கு இருக்க இடம் விட்டவள். அதுக்காக. நீங்கள் எனக்கு நன்றி கின்றி எண்டு ஒண்டும் சொல்ல வேண்டாம். சொன்னால் நான் கத்திப்போடுவன்."

மார்த்தா பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து, நடுவே வாங்கில் வைத்தா. அகஸ்ரினா அதைத் தொடவில்லை. எழும்பித் தள்ளி இருக்கவும் இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து சுவேதினியின் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்று தாயும் காதைக் கொடுக்கவில்லை. அழுதுகொண்டு, இடையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பிள்ளை நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருந்தாள்.